தோப்பும்படியிலிருந்து தூத்துக்குடி வரை: இறால் கழுவிய தண்ணீர் போகும் வழி

ஆகஸ்ட் 11, திங்கள். தோப்பும்படி, கொச்சி

மீன் ஆலைகளில் தண்ணீர் எங்கே வீணாகிறது, கழிவு எங்கே போகிறது என்று பார்க்கக் கிளம்பிய பயணத்தின் நாட்குறிப்பு இது. கேரளத்தில் இழுவலைத் தடை 52 நாள். ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 நள்ளிரவில் முடியும். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் துறைமுகத்தில் கால் வைக்க இடம் கிடைப்பதில்லை. காலை ஐந்தரைக்கே தோப்பும்படியில் படகுகள் மூன்று வரிசையாக நின்றன. மழை விட்டுவிட்டு, சாய்த்து அடித்தது. ஏலம் கூறுகிறவர்கள் குடை பிடிக்கவில்லை, தலையில் துண்டுதான். தரையெங்கும் கரிக்காடி இறாலும் கிளிமீனும் கணவாயும்.

மீன் ஆலையில் தண்ணீர் எங்கே வீணாகிறது என்று கேட்டால் எல்லோரும் குழாயைக் காட்டுவார்கள். தொடக்கம் இங்கே, ஐஸ் பெட்டியில். 30 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ மீனைச் சுழியத்துக்குக் கொண்டுவர ஏறக்குறைய 27 கிலோகலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 80 கிலோகலோரியை உறிஞ்சும். மீனைக் குளிரவைக்க மட்டும் என்றால் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஐஸ் போதும். ஆனாலும் நம் கடற்கரைகளில் ஒன்றுக்கு ஒன்று போடச் சொல்கிறோம். மிச்ச ஐஸ் முழுவதும் பெட்டியின் சுவர் வழியாக வரும் சூட்டுக்கே போகிறது. மூடி உடைந்த பெட்டி, தெர்மாகோல் ஊறிப்போன பெட்டி, வெயிலில் நிற்கும் வண்டி ஆகிய மூன்றும் குடிநீரை ஐஸாக்கி வாய்க்காலில் ஊற்றுகிற வழிகள். காப்புச்சுவர் நன்றாக இருக்கும் பெட்டியில் ஐஸ் குறையும், தண்ணீரும் குறையும், ஐஸ் ஆலையின் மின்சாரமும் குறையும். இதற்குச் செலவு மூடியின் ரப்பர் பட்டை மட்டும்.

வாளியில் கயிறு கட்டி, படகுத்துறைத் தண்ணீரையே மொண்டு இறால் குவியலில் ஊற்றிக்கொண்டிருந்தார் ஒருவர். சேறு போய்விடுகிறது, பார்க்கப் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீரில் டீசலும் படகின் அடித்தட்டுக் கசடும் மீன் குடலும் கலந்திருக்கின்றன. இங்கே இனாமாகக் கிடைத்த ஒரு வாளியின் அழுக்கைப் போக்க ஆலையில் பல வாளி குடிநீர் போகும், அப்படியும் முழுக்கப் போகாது. சுத்தமான கடல் நீரைக் கரைக்கு வெளியே, படகு ஓடும்போதே எடுத்து வலையிலேயே அலசுவது சரியான முறை. சில படகுகள் அப்படித்தான் செய்கின்றன. அவற்றின் இறால் ஏலத்தில் தனியாகத் தெரிகிறது.

துறைமுக வாசலில் புட்டும் கடலையும். டீ 12 ரூபாய். கேட்காமலே பதிமுகக் கட்டை போட்டுக் கொதிக்கவைத்த சிவப்புத் தண்ணீரைச் சுடச்சுட வைத்தார் கடைக்காரர். நனைந்த சட்டையைப் பார்த்துவிட்டு ஃபேனை நிறுத்தவும் செய்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய். அரூர், சந்திரூர்

அரூரிலிருந்து துறவூர் வரை மேம்பாலப் பணி நடந்துகொண்டிருந்தது. பேருந்து நடக்கிற வேகத்தில் போனது, பள்ளங்களில் முழங்கால் அளவு தண்ணீர். சாலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் காயல், வாய்க்கால், மேலே மழை. அத்தனைக்கும் நடுவில் இறால் உரிக்கும் ஷெட்டின் வாசலில் குடிநீர் லாரி நின்று தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தது. இந்தப் பயணத்தில் முதல் ஆச்சரியம் இதுதான். வேம்பநாட்டுக் காயல் உவர், பல கிணறுகளில் உப்பும் இரும்பும். மீனைத் தொடும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது ஏற்றுமதி விதி. 1997-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மீன் பொருள்களுக்குத் தடை போட்ட பிறகு இந்த விதியில் யாரும் விளையாடுவதில்லை. ஆகவே மழைநாட்டில் தண்ணீரை விலைக்கு வாங்குகிறார்கள்.

ஷெட்டில் நாற்பது பெண்கள் நின்றபடி கரிக்காடியை உரிக்கிறார்கள். தலையைத் திருகி, முதல் இரண்டு வளைய ஓட்டைக் கட்டைவிரலால் தள்ளி, வாலைப் பிதுக்கினால் சதை வெளியே வருகிறது. ஒரு இறாலுக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை. தலையும் ஓடும் சேர்ந்தால் வந்த எடையில் ஏறக்குறைய பாதி. அந்தப் பாதி எங்கே விழுகிறது என்பதில்தான் தண்ணீர்க் கணக்கும் கழிவுக் கணக்கும் ஒன்றாகின்றன.

இரண்டு மேசை வரிசைகளைப் பக்கத்துப் பக்கத்தில் பார்க்க வாய்த்தது. முதல் வரிசையில் ஓடு மேசையிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து ஹோஸ் தண்ணீரோடு வாய்க்காலுக்கு. இரண்டாவது வரிசையில் ஒவ்வொருவர் முன்னாலும் மேசையில் ஒரு ஓட்டை, அதன் கீழே துளையுள்ள கிரேட் பெட்டி. கிரேட் நிறைந்ததும் எடுத்துப் போகிறார்கள், தரையில் ஈரம் மட்டுமே. இறால் தலையில் இருப்பது ஈரலும் செரிமானச் சாறும். தண்ணீர் பட்டால் நிமிடங்களில் கரைந்துவிடும். கரைந்த புரதத்தை எந்த வலையும் பிடிக்காது. அது பி.ஓ.டி. (தண்ணீரிலுள்ள அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன் அளவு) கணக்கில் ஏறும், வெளியே போனால் வாய்க்கால் நாறும். உலர்வாக அள்ளிய அதே தலை தீவனத்துக்கும், ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டின் என்ற நார்ப்பொருளுக்கும் சரக்கு. கழிவைத் தண்ணீரோடு சேர்க்காமல் இருப்பது ஒன்றைச் செய்தாலே மற்ற வேலையில் பாதி குறையும்.

ஹோஸைப் பத்து லிட்டர் வாளியில் விட்டு நேரம் பார்த்தோம். 22 விநாடி. நிமிடத்துக்கு 27 லிட்டர். டீ நேரம் கால் மணி, ஹோஸ் தரையில் ஓடிக்கொண்டே கிடந்தது. 400 லிட்டர் போயிற்று. மேற்பார்வையாளர் சேட்டனிடம் சொன்னதும் கோபப்படவில்லை. வால்வு சுவரோரம் இருக்கிறது, மூடவேண்டும் என்றால் இருபது அடி நடக்க வேண்டும் என்றார். அது சரியான பதில். கையை விட்டால் தானாக மூடும் துப்பாக்கிப் பிடியை ஹோஸ் நுனியில் போட்டால் யாரும் நடக்க வேண்டாம். பித்தளையில் வாங்க வேண்டும். பிளாஸ்டிக் பிடி உப்புத் தண்ணீரிலும் குளோரினிலும் சில மாதத்தில் ஒழுகத் தொடங்கும், பிறகு கம்பி கட்டித் திறந்தே வைத்துவிடுவார்கள்.

உரித்த இறாலைக் கழுவும் விதத்தில் இன்னொரு கணக்கு இருக்கிறது. பத்து கிலோ இறாலில் ஒரு லிட்டர் அழுக்குத் தண்ணீர் ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்து லிட்டரில் ஒரே தடவை அலசி வடித்தால் அழுக்கில் பதினொன்றில் ஒரு பங்கு மிஞ்சும். அதே பத்து லிட்டரை ஐந்து ஐந்தாகப் பிரித்து, நடுவில் நன்றாக வடியவிட்டு இரண்டு தடவை அலசினால் முப்பத்தாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். தண்ணீர் அதே அளவு, சுத்தம் மூன்று மடங்கு. இதையே தொடராகச் செய்வதுதான் எதிரோட்டக் கழுவல். மூன்று தொட்டி வரிசையாக, புதுத் தண்ணீர் மூன்றாவது தொட்டியில் மட்டும் நுழையும். அது வழிந்து இரண்டாவதுக்கும், அங்கிருந்து முதலாவதுக்கும் வரும். இறால் முதல் தொட்டியிலிருந்து மூன்றாவது நோக்கிப் போகும். தொட்டிகளைப் படிபோல ஒன்றைவிட ஒன்று நாலு அங்குலம் தாழ்வாக வைத்தால் பம்பு வேண்டாம்.

எங்கே கெட்டுப்போகிறது? வடியவிடும் நேரத்தில். துளைக்கூடையை ஒரு நிமிடம் தொங்கவிட வேண்டிய இடத்தில் இரண்டு உதறு உதறி அடுத்த தொட்டியில் போடுகிறார்கள். அழுக்கு கூடவே போகிறது, மூன்றாவது தொட்டி கலங்குகிறது, எல்லாத் தொட்டியையும் கொட்டி நிரப்புகிறார்கள். சேமித்தது அந்த ஒரு தடவையில் போய்விடும். இரண்டாவது, தொட்டியில் ஐஸ் தீர்ந்து தண்ணீர் சூடாவது. ஐந்து டிகிரிக்கு மேலே போக விடக்கூடாது. சூடான தொட்டியில் சேமித்த தண்ணீர் நுண்ணுயிரை ஒரு கூடையிலிருந்து அடுத்த கூடைக்கு ஏற்றும் வண்டியாகிவிடும்.

மதியம் சோறு, மத்தி வறுவல், குடம்புளி போட்ட மீன்கறி, 90 ரூபாய். பரிமாறிய சேச்சி மீனின் பெயரைச் சொல்லிச் சொல்லி வைத்தார்.

ஆகஸ்ட் 13, புதன். கொச்சி

காலையில் கணவாய் வெட்டும் ஆலை. ஆலைகளில் தண்ணீரை அதிகம் குடிப்பது ஓட்டுக் கணவாய்தான், காரணம் மை. மைப்பை உடைந்துவிட்டால் வெள்ளைச் சதையில் கறுப்பு ஏறும். வெள்ளை திரும்புகிற வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணியின் கையைக் கால் மணி நேரம் பார்த்தோம். முதுகுப் பக்கம் நுனியிலிருந்து ஒரே கீறல், ஓடு தானாகத் துள்ளி வெளியே வருகிறது. உடலைப் புத்தகம் போல விரிக்கிறார். மைப்பை வெள்ளிநிறத்தில், சுண்டுவிரல் அளவில் பின்பக்கம் கிடக்கிறது. கத்தியை அங்கே கொண்டுபோவதே இல்லை. பையின் கழுத்தை இரண்டு விரலால் நெரித்துப் பிடித்து, நுனிப்பக்கத்திலிருந்து சவ்வோடு சேர்த்து உரித்து எடுத்துத் தனிக் கிண்ணத்தில் போடுகிறார். தண்ணீர் ஒரு சொட்டு வேண்டியிருக்கவில்லை. பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் குடலோடு சேர்த்து இழுத்தார், பை கிழிந்தது, குழாயைத் திறந்தார். முதலில் போய் நிற்க வேண்டிய இடம் இந்தப் பயிற்சிதான். எந்தக் கருவியும் இந்த அளவுக்குத் தண்ணீரை மிச்சப்படுத்தாது. மீன் பழையதாக இருந்தால் மைப்பைச் சவ்வு தளர்ந்து எந்தக் கையிலும் கிழியும். மறுபடியும் ஐஸ் பெட்டிக்கே வந்து நிற்கிறோம்.

ஓடு வீணில்லை. காயவைத்துக் கூண்டுப் பறவைத் தீவனத்துக்கு விற்கிறார்கள்.

ஷிஃப்ட் முடிந்ததும் ஆலையைக் கழுவுவதில் ஒழுங்கு முக்கியம். முதலில் ரப்பர் வைப்பரும் மண்வெட்டியும். திடக்கழிவு முழுவதையும் அள்ளித் தொட்டியில் போடும்வரை குழாயைத் திறக்கக் கூடாது. வாய்க்கால் வாயில் இருக்கும் கம்பிக் கூடையை எடுத்துக் கொட்டிவிட்டு அதே இடத்தில் வைக்க வேண்டும். இதற்கு அப்புறம் மெல்லிய அலசல், பச்சைத் தண்ணீரில். வெந்நீரை முதலிலேயே ஊற்றினால் புரதம் வெந்து மேசையில் ஒட்டிக்கொள்ளும், தேய்த்தாலும் வராது. சோப்பு நுரை பத்து நிமிடம் ஊறவேண்டும். ஊறவைக்கப் பொறுமை இல்லாதவர்கள் தண்ணீர் அழுத்தத்தால் அழுக்கை விரட்டப் பார்க்கிறார்கள். உயர் அழுத்தப் பம்பு தண்ணீரைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அது தரை வாய்க்காலின் அழுக்கைப் பொடித்துளியாக மேசைமேல் தூக்கிப் போடும். தரைக்கும் சாலைக்கும் சரி, மேசைக்குப் பக்கத்தில் குறைந்த அழுத்தம்தான்.

கடைசியில் குளோரின். 30 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் ஆயிரம் லிட்டருக்கு 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) வர 7 கிராம், பாத்திரம் முக்கும் 100 பி.பி.எம்.முக்கு 330 கிராம். கை கழுவும் 20 பி.பி.எம். தொட்டி இருபது லிட்டர் என்றால் ஒன்றரை கிராம்கூட வேண்டாம். மீன் கோழை ஒட்டிய பாத்திரத்தை முக்கினால் கோழையே குளோரினைத் தின்றுவிடும். காகிதப் பட்டை நிறம் மாறாது, பவுடரை இன்னும் அள்ளிப் போடுவார்கள். முன்னால் சுரண்டியிருந்தால் இது நடக்காது.

மாலை வெலிங்டன் தீவு. அங்கே மத்ஸ்யபுரியில் இருப்பது 1957-ல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம். இறால் ஓட்டிலிருந்து கைட்டின், கைட்டோசான் எடுக்கும் முறையை நாட்டில் பரப்பியதில் அதன் பங்கு பெரிது. முறை எளிது. ஓட்டை 3 முதல் 5 சதவீதக் காஸ்டிக் சோடாவில் கொதிக்கவைத்துப் புரதத்தை நீக்குவது, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைப்பது, மிஞ்சும் கைட்டினை 40 சதவீதக் காஸ்டிக்கில் 90 டிகிரிக்கு மேல் இரண்டு மணி நேரம் வைத்துக் கைட்டோசான் ஆக்குவது. ஈர ஓட்டில் முக்கால் பங்கு ஈரம். நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ அளவில் கைட்டின் கிடைத்தால் நல்ல வேலை.

யாரும் எடுத்துச் சொல்லாத சங்கதி, இதுவும் தண்ணீரைக் குடிக்கிற தொழில்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் பிறகு காரமோ அமிலமோ போகும்வரை அலச வேண்டும். இங்கேயும் எதிரோட்டம்தான் வழி. இன்றைய தொகுதியின் கடைசி அலசல் நீர் நாளைய தொகுதியின் முதல் அலசல். பயன்படுத்திய காரத்தையும் அமிலத்தையும் தனித்தனித் தொட்டியில் பிடித்து ஒன்றை மற்றதால் நடுநிலையாக்க வேண்டும். காரக் கரைசலில் அமிலத்தை மெல்ல விட்டு பிஎச் (அமில, கார அளவு) 4.5 அருகே நிறுத்தினால் புரதம் திரிந்து அடியில் படியும், வடித்துத் தீவனத்துக்கு எடுக்கலாம். இந்தத் தொட்டிகள் இல்லாமல் கைட்டின் ஆலை தொடங்குவது ஓட்டின் நாற்றத்தை இன்னொரு ஊருக்கு ஏற்றி அனுப்புவதுதான்.

ஆகஸ்ட் 14, வியாழன். நீண்டகரை, சக்திகுளங்கரை

ரயிலில் கொல்லம், அங்கிருந்து பேருந்து. 1953-ல் இந்திய–நார்வே திட்டம் வேலையைத் தொடங்கிய கரை இது. இயந்திரப் படகும் ஐஸும் உறைகிடங்கும் இறால் ஏற்றுமதியும் இங்கிருந்துதான் வேகம் பிடித்தன.

ஐஸ் ஆலை ஒன்றில் அரை மணி. 50 கிலோ கட்டியை டப்பாவிலிருந்து விடுவிக்க வெதுவெதுப்பான தொட்டியில் முக்குகிறார்கள். அந்தத் தொட்டி வழிந்து தெருவுக்குப் போனது. அது சுத்தமான தண்ணீர், மீன் தொட்டதில்லை. குளிர் இயந்திரத்தின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சருக்குத் திருப்பிவிட ஒரு குழாய் போதும். உறைகிடங்குக் காயிலில் படியும் பனியை உருக்கும் தண்ணீரும் இப்படித்தான். வெளிமுற்றம், வண்டித் தளம் கழுவ ஆகும், மீனுக்கும் மேசைக்கும் ஆகாது. இரண்டாம் தரத் தண்ணீர்க் குழாய்க்கு வேறு நிறம் பூசி, வாயின் அளவையும் மாற்றிவிட வேண்டும், ஹோஸ் மாறிச் சொருக முடியாதபடி. நிறத்தை மட்டும் நம்பினால் இரவு ஷிஃப்டில் யாராவது மாற்றிவிடுவார்கள்.

கப்பையும் மத்திக் கறியும் 80 ரூபாய். மழை விடவேயில்லை. பேருந்தில் எங்கள் பையிலிருந்து ஐஸ் தண்ணீர் கசிந்து பக்கத்து அம்மாவின் புடவையில் பட்டது. முகம் சுளிக்காமல் தன் பழைய பத்திரிகையை மடித்துப் பைக்கு அடியில் வைத்துவிட்டு, என்ன மீன் என்று விசாரித்தார்.

ஆகஸ்ட் 15, வெள்ளி. மார்த்தாண்டம், தேங்காய்ப்பட்டணம்

சுதந்திர தினம், கடைகள் பாதி மூடல். ரப்பர் சாமான் விற்கும் கடை திறந்திருந்தது, அது போதும். ரப்பர் பாலை உறையவைக்க இந்த வட்டாரத்தில் எல்லோரும் வாங்கும் ஃபார்மிக் அமிலம்தான் மீன் கழிவைப் பதப்படுத்தவும் தேவை. வேறு ஊர்க்காரர்கள் ரசாயனக் கடை தேடி அலையும் சரக்கு இங்கே டீக்கடைக்குப் பக்கத்தில் கேனில் இருக்கிறது.

தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து ஊருக்குள் தள்ளி ஒரு வாழைத்தோட்டம். மீன் வெட்டுகிற இடத்துத் தலை, குடல், முள்ளைக் கொண்டுவந்து அமிலக் கூழ் போடுகிறார்கள். நூறு கிலோ கழிவுக்கு 85 சதவீத அமிலம் மூன்றரை கிலோ, அளவையில் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவு. கழிவை முதலில் அரைக்க வேண்டும். முழுத்தலையாகப் போட்டால் உள்ளே அமிலம் போகாது. வெளியே கூழாகி உள்ளே அழுகும், மூடியைத் திறந்ததும் தெரிந்துவிடும். நீல பிளாஸ்டிக் டிரம் மட்டும், இரும்பு ஆகாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டையால் அடிவரை கிண்ட வேண்டும். பிஎச் தாள் 4-க்குக் கீழே காட்ட வேண்டும். முதல் நாள் காட்டிவிட்டு மறுநாள் ஏறியிருந்தால் முள் அதிகம் என்று அர்த்தம். முள்ளின் சுண்ணாம்பு அமிலத்தைத் தின்கிறது, அரை லிட்டர் கூடுதலாக விடலாம். இறால் ஓட்டை இதில் போடவே கூடாது, பொங்கி வழிந்து அமிலம் முழுவதும் வீணாகும்.

நம்மூர்ச் சூட்டில் இரண்டு மூன்று நாளில் தலை உருகிக் கஞ்சியாகிறது. உருக்குவது அமிலமில்லை, மீன் குடலிலேயே இருக்கும் நொதி. அமிலம் அழுகலைத் தடுத்துக்கொண்டு நொதியை வேலை செய்யவிடுகிறது. அதனால் குடல் இல்லாத வெறும் முள்ளும் தோலும் மெதுவாகத்தான் கரையும். நாற்றம் புளிப்பு வாடைதான், ஈ மொய்க்கவில்லை. இந்த முறையில் தண்ணீர் சேர்ப்பதே கிடையாது. கழிவு கழுவின தண்ணீரோடு வந்தால் அமிலம் கூடுதலாகச் செலவாகும் என்பதால், மீன் வெட்டுபவர்களிடம் உலர்வாகக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்று தோட்டக்காரர் கறாராகச் சொல்லியிருக்கிறார். எந்த அரசாணையும் சாதிக்காததை இந்த ஒரு நிபந்தனை சாதித்திருக்கிறது.

வெல்லம் போட்டுச் செய்யும் மீன் அமிலம் தமிழ்நாட்டு இயற்கை விவசாயிகள் எல்லோருக்கும் தெரியும். கழிவும் வெல்லமும் சம எடை, காற்றுப் புகாமல் மூன்று வாரத்துக்கு மேல், பத்து லிட்டருக்கு 50 முதல் 100 மில்லி தெளிப்பு. வீட்டு அளவுக்கு நல்லது. தினம் இருநூறு கிலோ கழிவு வரும் இடத்தில் அதே எடைக்கு வெல்லம் வாங்கினால் கட்டுப்படியாகாது, அங்கே ஃபார்மிக்தான்.

கிளம்பும்போது மட்டிப் பழம் ஒரு சீப்பு கட்டிக் கொடுத்தார்கள். காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 16, சனி. தூத்துக்குடி

ஒரே இரவில் ஈரம் போய் வறண்ட வெக்கை. கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. வாயைத் திறந்தால் உப்பு. ஊருக்குக் குடிநீர் தாமிரபரணியிலிருந்து வல்லநாடு வழியாக வருகிறது, அதன் அருமை தெரிந்த ஊர். கருவாட்டுக் களத்தில் அண்ணாச்சி ஒருவர், “மீனைக் கழுவ ஒரு தண்ணி, கையைக் கழுவ ஒரு தண்ணி, அதுக்கு மேல கேட்டா எங்க போவேன்?” என்றார்.

நாலு கிலோ மீனுக்கு ஒரு கிலோ உப்பு, சிமெண்ட் தொட்டியில் அடுக்கு அடுக்காக. மீனிலிருந்து இறங்கும் நீரே உப்புநீராகி மீனை மூழ்கடிக்கும். தண்ணீர்ச் செலவு இல்லாத முறை. ஆனால் அந்த உப்புநீரைக் கொட்டாமல் அடுத்த மீனுக்கும் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டாம் மூன்றாம் தடவையில் இரத்தமும் புரதமும் சேர்ந்து சிவப்பு ஏறுகிறது. வெயிலில் விளைந்த உப்பிலேயே இருக்கும், உப்பை விரும்பும் நுண்ணுயிர் அது. அதில் ஊறிய கருவாடு மழைக்காலத்தில் இளஞ்சிவப்புப் படலம் பூத்துத் திரும்பி வரும். தண்ணீரும் உப்பும் மிச்சம் என்று நினைத்து மூட்டை மூட்டையாகச் சரக்கை இழப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. குடலை நீக்கி, இரத்தம் வடித்து, பிறகு உப்பில் போட்டால் இந்தச் சிக்கல் பாதி குறையும். பழைய உப்புநீரை மண்ணில் கொட்டினால் பக்கத்துக் கிணறு போய்விடும். ஆழமில்லாத சிமெண்ட் பாத்தியில் காயவிட்டால் இந்தக் காற்றில் சீக்கிரமே வற்றும். மிஞ்சும் உப்பை மீனுக்குத் திரும்பப் போடக் கூடாது.

சங்காயம், அதாவது கழிச்சல் மீன், தனியாக மணலில் காய்ந்தது. மணலோடு அள்ளினால் தீவன ஆலை விலையைக் குறைக்கும். மூங்கில் தட்டியில் காயவைத்தவர்களுக்கு மணல் கழுவும் வேலையும் இல்லை.

ராத்திரி பொரித்த பரோட்டாவும் சால்னாவும். சால்னா மூன்று தடவை வந்தது, கேட்டதில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. தூத்துக்குடி

படகுகள் கடலுக்குப் போகாத நாள். ஆலை மூடல். கசிவு பார்க்க இதைவிட நல்ல நாள் கிடையாது. காலை எட்டு மணிக்கு மீட்டர் எண்ணைக் குறித்தோம், காவலாளி தவிர யாரும் இல்லை. பத்து மணிக்கு மறுபடி பார்த்தால் 180 லிட்டர் ஓடியிருந்தது. மணிக்கு 90. ஒரு நாளுக்கு இரண்டாயிரம் லிட்டருக்கு மேல். கழிப்பறைத் தொட்டியில் ஒரு மிதவை, கை கழுவுமிடத்தில் முழங்கால் வால்வு இரண்டில் உள்வாஷர், ஐஸ் மெஷின் நிரப்பும் வால்வு. மூன்றும் சேர்ந்து அவ்வளவு. முழங்கால் வால்வு சுகாதாரத்துக்காக வைப்பது, கைபடாமல் திறக்கும். அதன் ஸ்பிரிங் தளர்ந்தால் மூடியதுபோல் தெரிந்தும் நூலாக ஓடிக்கொண்டிருக்கும், யாரும் கவனிப்பதில்லை.

மக்ரூன் கடைகளில் கூட்டம். மதியத்துக்குப் பிறகு வெளியே நடமாட முடியாத வெயில்.

ஆகஸ்ட் 18, திங்கள். தூத்துக்குடி

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். கடலில் விடுவதற்கு பி.ஓ.டி. லிட்டருக்கு 100 மில்லிகிராம், உள்நாட்டு நீர்நிலையில் விட 30 என்பது பொது வரம்பு. மீன் ஆலைக் கழிவுநீர் ஆயிரங்களில் வரும். இங்கே காற்றூட்டும் தொட்டி மூன்று நாளாக வெள்ளை நுரை தள்ளிக்கொண்டிருந்தது. நடத்துபவர் யூரியாவும் சாணமும் போட்டுப் பார்த்திருக்கிறார். காரணம் வேறு. இரவு பத்து மணிக்கு ஆலை கழுவி, 200 பி.பி.எம். குளோரின் தண்ணீர் முழுவதும் ஒரே மூச்சில் தொட்டிக்கு வருகிறது. அழுக்கைத் தின்ன வேண்டிய நுண்ணுயிர்கள் செத்துப்போகின்றன, நுரை அதன் அடையாளம். பழைய சமநிலைத் தொட்டி தூர்ந்து கிடந்தது. அதைத் தூர்வாரி, இரவுத் தண்ணீரை அதில் நிறுத்தி, பகல் அழுக்குத் தண்ணீரோடு கலந்து மெல்ல விட்டால் அழுக்கே மிச்சக் குளோரினை அடக்கிவிடும். அதற்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர் சல்லடை. இப்போது இருந்ததில் ஒரு மூலை கிழிந்து, இறால் கால்களெல்லாம் உள்ளே போய் மிதந்தன.

தண்ணீரைக் குறைத்தால் பி.ஓ.டி. எண் ஏறும் என்று மேலாளர் பயந்தார். பயம் நியாயம்தான். அதே கழிவு குறைந்த தண்ணீரில் வந்தால் செறிவு கூடும். அதனால் வரிசை மாறக் கூடாது. கிரேட்டும் கூடையும் முதலில், துப்பாக்கிப் பிடி பிறகு. கழிவை முதலில் தண்ணீருக்கு வெளியே நிறுத்திவிட்டால், பிறகு தண்ணீரைக் குறைத்தாலும் எண் எகிறாது. கை கழுவும் தண்ணீரிலும் கடைசி அலசலிலும் கை வைக்க வேண்டாம் என்றும் சொன்னோம். அங்கே மிச்சம் பிடித்தால் ஒரு கன்டெய்னர் திரும்பி வரும்.

அவர் எழுதிக்கொண்டது: துப்பாக்கிப் பிடி பித்தளையில் எட்டு, வாய்க்கால் கம்பிக்கூடை பன்னிரண்டு, சல்லடைத் தகடு ஒன்று, மீட்டர் மூன்று. மீட்டரை எங்கே மாட்டுவது என்றுதான் கடைசி வரை பேச்சு. ஐஸ் மெஷினுக்கு ஒன்று, இறால் கூடத்துக்கு ஒன்று, தரை கழுவும் குழாய்க்கு ஒன்று என்று முடிவாயிற்று. தினம் ஷிஃப்ட் முடிவில் எண்ணையும் அன்று வந்த சரக்கின் எடையையும் ஒரே நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதுவது எடை போடுகிற பையனின் வேலை.